பன்னிரண்டு பேர் விழுந்த கல்யாணம்

மெல்பேர்ன் நகரின் ட்ருகனினாப் பகுதியில் எங்கள் வீட்டுக்கு நேர் எதிர்வீடு சத்தியபாமாவுடையது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அவர் தன் வீட்டுப் புல்தரையில் தடாலென்று விழுந்தார். குசினி யன்னலால் பார்த்துக்கொண்டிருந்த நான் கோப்பையைக் கழுவுதொட்டிக்குள் போட்டுவிட்டு ஓடினேன். வீதியைக் கடப்பதற்குள் அவர் எழும்பி, காற்சட்டையில் ஒட்டிய புல்லைத் தட்டிவிட்டு, கையிலிருந்த போனைப் பார்த்துவிட்டு, மறுபடியும் விழுந்தார்.

“ஐயோ சத்தியா, என்ன நடந்தது?”

“ஒண்டுமில்லை. ரெஸ்ற் பண்ணுறன், போனைச் சோதிச்சுப் பாக்கிறன்,” என்று படுத்தபடியே சொன்னார். “இது ஆறாவது. கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ, நீங்கள் கத்தினதும் இதுக்குள்ளை பதிஞ்சிருக்கும்.”

அவருக்கு அப்போது நாற்பத்தைந்து வயது. எதிரெதிர் வீடுகளில் நான்கு வருடம் இருந்திருக்கிறோம். காலையில் கை காட்டுவது, பொங்கலுக்குப் பொங்கல் கொடுத்தனுப்புவது, அவ்வளவுதான். அமைதியான மனுசி என்று நினைத்திருந்தேன். அன்று புல்லில் கிடந்தபடி அவர் சிரித்த சிரிப்பில் அந்த எண்ணம் போய்விட்டது. உள்ளே கூப்பிட்டுத் தேத்தண்ணி தந்து தன் கதையைச் சொன்னார்.

ஊர் யாழ்ப்பாணத்துக் கரவெட்டி. மெல்பேர்னுக்கு வந்த புதிதில் கிடைத்தது வெயார்ஹவுஸ் வேலை. ஒன்பது வருடம் பெட்டிகளின் பார்கோடுகளை ஸ்கானரால் வாசித்து வாசித்து அடுக்கினார். அங்கே ஒரு குளிர் அறை. அந்த அறைப் பக்கம் போகும் ஸ்கானர்கள் எல்லாம் அடிக்கடி மக்கர் பண்ணும். திருத்துபவர் வந்து பார்ப்பார். உள்ளே கொண்டுபோனால் வேலை செய்யும், வெளியே கொண்டுவந்தாலும் வேலை செய்யும். அவர் குழம்பிப்போய்த் திரும்பிவிடுவார். மூன்றாம் தடவை அவர் வந்தபோது சத்தியபாமா கிட்டப் போய், தனக்குத் தெரிந்த இங்கிலீசில், “உள்ளேயும் பிழையில்லை, வெளியேயும் பிழையில்லை. வாசலில்தான் பிழை,” என்றார். குளிருக்குள் இருந்து சூட்டுக்கு வரும் அந்த ஒரு நிமிடம் ஸ்கானரின் கண்ணாடியில் ஈரம் படிகிறது, அப்போது அது குருடு என்று காட்டியும் கொடுத்தார். அந்த மனிதர் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்துவிட்டு, “இப்படிக் கண்டுபிடிப்பதற்கென்றே ஒரு உத்தியோகம் இருக்கிறது, தெரியுமா?” என்று கேட்டாராம்.

தெரியாது. ஆனால் தெரிந்தபிறகு அவரால் சும்மா இருக்க முடியவில்லை. இரண்டு வருடம் பகுதிநேரமாகப் படித்தார். வகுப்பில் மற்றவர்கள் எல்லாம் இருபது வயதுக்காரர். படித்து முடித்து, ஃபுட்ஸ்கிரேயில் பதினொரு பேர் மட்டும் இருந்த ஒரு சிறிய கம்பனியில், செயலிகளில் பிழை தேடும் டெஸ்டராகச் சேர்ந்தார்.

அவர்கள் செய்துகொண்டிருந்தது ‘வொம்பி’ என்று ஒரு கைப்பேசிச் செயலி. தனியாக வாழும் வயதானவர்களுக்கானது. அதன் சின்னம் ஒரு குட்டிக் கரடி. மருந்து, தண்ணீர், டாக்டரிடம் போகும் நாள் எல்லாவற்றையும் ஞாபகப்படுத்தும். அதன் விசேஷம், சுற்றுப்புறத்தைப் பார்த்து நடந்துகொள்வது. வெயிலில் நின்றால் எழுத்து தடிக்கும். நடக்கும்போது எழுத்தைக் காட்டாமல் குரலில் சொல்லும். சத்தமான இடத்தில் குரலை உயர்த்தும். ஆள் விழுந்துவிட்டால் உணர்ந்து, “நலமா?” என்று கேட்கும். அரை நிமிடத்துக்குள் ‘நலம்’ என்ற பொத்தானை அழுத்தாவிட்டால் வீட்டாருக்குத் தானே போன் அடிக்கும். இங்கிலீஷ், வியட்நாமியம், தமிழ் என்று மூன்று மொழி பேசும்.

அதை எழுதிய குழுவுக்குத் தலைமை பார்கவி. கோயம்புத்தூர்ப் பெண், வயது இருபத்தொன்பது, பொயிண்ட் குக்கில் வீடு. சத்தியபாமா வேலைக்குப் போன முதல் நாளே, “அக்கா, முந்நூத்திப் பன்னிரண்டு டெஸ்ட். எல்லாமே பாஸ். நீங்க சும்மா ஒரு தடவை பாத்துட்டு ஓகே சொல்லிடுங்க,” என்றாளாம்.

“எங்கை வைச்சுச் செய்தனீங்கள்?”

“இங்கதான், ஆபீஸ்ல.”

சத்தியபாமா அறையைச் சுற்றிப் பார்த்தார். கம்பளம் விரித்த தரை, இருபத்திரண்டு பாகையில் குளிரூட்டி, சத்தமே இல்லை. “இஞ்சை ஒரு கிழவரும் சீவிக்கேல்லையே,” என்றார்.

அன்று பின்னேரமே செயலியைத் தன் போனில் ஏற்றிக்கொண்டு ரயில் ஏறினார். நெருக்கடி நேரம், நின்றபடிதான் பயணம். ஒரு நிலையத்தில் ரயில் சடாரென்று பிரேக் போட்டது. சட்டைப்பைக்குள் போன் என்னமோ முணுமுணுத்தது. சனக்கூட்டத்தில் கேட்கவில்லை. அவருடைய கணவர் சிறிதரன் அண்ணைக்கு ஒரு பேக்கரியில் வேலை. அரை நிமிடத்தில் அங்கே அவருடைய போன் அடித்தது. ஒரு பெண்குரல், கோயில் ஒலிபெருக்கியில் அறிவிப்பதுபோல நிதானமாக, “சத்தியபாமா விழுந்திருக்கக்கூடும்,” என்றது. அவர் மாப்பிடித்த கையோடு வெளியே ஓடிவந்து மனைவிக்கு அடித்தார்.

“எங்கை விழுந்தனீர்? எலும்பு ஏதும் முறிஞ்சுதோ?”

“நான் விழேல்லையப்பா. ரெயின் பிரேக் பிடிச்சது.”

“அப்ப ஆர் விழுந்தது?”

“ஒருத்தரும் விழேல்லை. ஆனா இது விழுந்ததெண்டு நினைக்குது. எவ்வளவு நல்ல பிழை பாத்தீங்களா!”

அந்த ‘நல்ல பிழை’ என்பதைத்தான் சிறிதரன் அண்ணை இன்றைக்கும் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார்.

அதன்பிறகு சத்தியபாமா அலுவலகக் கதிரையில் இருந்தது குறைவு. கால்பக்கத்தில் பெரிய பைகள் வைத்த காற்சட்டை ஒன்று வாங்கினார். அதில் நான்கு போன். மெல்பேர்ன் முழுவதும் அவருக்குப் பரிசோதனைச்சாலை ஆகிவிட்டது. ட்ராம் வளைவுகளில் ஒற்றைக்காலில் நின்றார். கடற்கரைக் காற்றைச் செயலி சனக்கூட்டம் என்று நினைத்துக் கத்துகிறது என்று கண்டுபிடித்தார். ஸ்பிரிங்வேல் சந்தையில் மீன்காரர்கள் கூவிக்கொண்டிருந்த நேரம், அவருடைய இடுப்புக்குக் கீழே இருந்து நான்கு குரல் ஒன்றாக, “இரத்த அழுத்த மாத்திரை!” என்று அதிர்ந்தன. இறால் நிறுத்துக்கொண்டிருந்த வியட்நாமியப் பெண்ணுக்குக் கை நழுவித் தராசு ஆடியது. அது சரியான நடத்தை, சத்தமான இடத்தில் சத்தமாகத்தான் சொல்ல வேண்டும். சத்தியபாமா அங்கேயே நின்று கைதட்டினார்.

ஆனால் கோயிலில்தான் மாட்டிக்கொண்டார். வெள்ளிக்கிழமை மத்தியானப் பூசை. மணி, மேளம், சங்கு, எல்லாம் உச்சத்தில். சத்தத்தை அளந்த செயலி, இது மீன்சந்தையைவிடப் பெரிய சந்தை என்று முடிவெடுத்துவிட்டது. தீபம் காட்டும் கணத்தில் மேளம் ஒரு நொடி நிற்குமே, சரியாக அந்த நொடியில், மூலஸ்தானம் எதிரொலிக்க, “தண்ணீர் குடித்தீர்களா?” என்று கேட்டது.

ஐயர் தீபத்தட்டோடு திரும்பிப் பார்த்தார். “இன்னும் இல்லையம்மா. பூசை முடியட்டும்,” என்றார்.

வரிசையில் நின்ற அத்தனை பேரும் சிரித்துவிட்டார்கள். சத்தியபாமா நான்கு பைகளையும் இரண்டு கையால் பொத்திக்கொண்டு வெளியே ஓடி, வாகன நிறுத்துமிடத்தில் நின்று வயிறு நோகச் சிரித்துவிட்டுத்தான் அறிக்கை எழுதினார். சத்தமான இடம் எல்லாம் சந்தை இல்லை என்பது அதன் முதல் வரி.

பார்கவி அதை வாசித்துவிட்டு இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள் புதிய ஏற்பாடு ஒன்றோடு வந்தாள். ஓர் இடத்தில் மூன்று தடவை பொத்தானை அழுத்திச் செயலியை அடக்கினால், அது அந்த இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளும். அதன்பின் அங்கே வாயே திறக்காது. “போன் தானாவே பழகிக்கும் அக்கா!” என்று கண்கள் மின்னச் சொன்னாள். சத்தியபாமாவுக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. மறு வெள்ளிக்கிழமைகளில் கோயிலில் நான்கு போனும் கைகட்டி நின்றன.

மீதம் இருந்தது விழுகைதான். பிரேக், குலுக்கல், ஓட்டம், படியிறக்கம் எல்லாவற்றையும் விழுந்ததாக நினைக்காமல் இருக்க அதற்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். நான் கண்ட புல்தரை விழுகை அந்த நாட்களில்தான். “இன்னும் வேற மாதிரி அசைவு வேணும் அக்கா. நிறையப் பேர் ஒண்ணா ஆடுற மாதிரி,” என்று பார்கவி கேட்டாள்.

“சனிக்கிழமை லக்சிகாவின்ரை கல்யாணம்,” என்றார் சத்தியபாமா. லக்சிகா சிறிதரன் அண்ணையின் தமக்கையின் மகள். “காலமை தாலிகட்டு. மத்தியானச் சாப்பாட்டோடை பைலாப் பாட்டும் ஆட்டமும். நீங்களும் வாங்கோ.”

இப்படித்தான் ஸ்பிரிங்வேல் மண்டபம் ஒன்றில், பட்டுச்சேலையும் கழுத்தில் அலுவலக அட்டையுமாக, சத்தியபாமா பன்னிரண்டு போன்களை விநியோகம் செய்தார். மாப்பிள்ளைக்கும் பொம்பிளைக்கும் கூட ஒவ்வொன்று. எனக்குக் கிடைத்தது ஏழாம் இலக்கம். இடுப்பில் செருகிக்கொண்டேன்.

முதல் பைலாத் தாளம் விழுந்தது. நான் சத்தியமாகச் சொல்கிறேன், அந்த மண்டபத்தில் கதிரையில் மிஞ்சினது கைப்பைகள் மட்டும்தான். இதுவரை எந்தச் சபையிலும் ஆடாத சத்தியபாமா, அளவெடுக்க வந்தவர், ஓரமாக நின்று குறிப்பெழுதப் பார்த்தார். லக்சிகா மாலையோடு வந்து கையைப் பிடித்து நடுவே இழுத்துவிட்டாள். அரை நிமிடம் மரம்போல நின்றார். பிறகு தோள் ஒன்று அசைந்தது. பிறகு மற்றத் தோள். பிறகு அவரைப் பிடித்து நிறுத்த ஆளில்லை.

எங்கள் இடுப்புகளுக்குள் இருந்து பன்னிரண்டு பெண்குரல் “நலமா? நலமா?” என்று கெஞ்சியது ஒருவருக்கும் கேட்கவில்லை.

அவசர அழைப்பு எல்லாம் அலுவலக இலக்கத்துக்குப் போகும்படி பார்கவி செய்திருந்தாள். சனி ஞாயிறுகளில் அந்த இலக்கம் முதலாளி கிரெய்க்கின் போனுக்குப் போகும் என்பதை மறந்துவிட்டாள். கிரெய்க் டண்டினோங் பக்கம் தன் வீட்டுத் தோட்டத்தில் தக்காளிக்கு உரம் போட்டுக்கொண்டிருந்தார். முதலில் மூன்றாம் இலக்கம் விழுந்தது. பிறகு ஒன்பது. பிறகு ஒரே மூச்சில் ஏழு பேர். பன்னிரண்டும் ஸ்பிரிங்வேலின் ஒரே விலாசத்தைச் சொல்லி விழுந்து முடிந்தபோது அவர் சத்தியபாமாவுக்கு அடித்தார், பார்கவிக்கு அடித்தார். ஒருவரும் எடுக்கவில்லை. பன்னிரண்டு பேர் ஒன்றாக விழுவதென்றால் கூரையோ தரையோ இடிந்திருக்க வேண்டும் என்று அவர் நினைத்ததில் என்ன பிழை?

இதற்குள் இங்கே முதல் பாட்டு முடிந்து, சத்தியபாமா தன் போனைப் பார்த்து, “எல்லாரும் ‘நலம்’ அமத்துங்கோ! நலம்!” என்று கத்திக்கொண்டு சுற்றி ஓடினார். அமத்தினோம். அடுத்த பாட்டு, மறுபடி கேட்டது, அமத்தினோம். இன்னொரு தடவை. அதன்பிறகு போன்கள் அமைதியாகிவிட்டன. எவ்வளவு குதித்தாலும் ஒரு சத்தம் இல்லை.

“பழகிடுச்சு அக்கா! டான்ஸ்னு புரிஞ்சுக்கிச்சு!” பார்கவி சத்தியபாமாவைக் கட்டிப்பிடித்துச் சுழற்றினாள்.

அந்த நேரத்தில்தான் மண்டபக் கதவைத் தள்ளிக்கொண்டு கிரெய்க் வந்தார். அரைக்காற்சட்டை, முழங்கால் வரை மண், ரப்பர் பூட்ஸ். முகம் பேயறைந்த மாதிரி. இடிபாட்டைத் தேடி வந்தவர், இருநூறு பேர் துள்ளுவதைக் கண்டார். பிறகு அப்படியே குந்தி இருந்து, முகத்தைக் கையால் மூடிக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார்.

எங்கள் ஆட்கள் சும்மா விடுவார்களா? மாப்பிள்ளையின் மாமனார் ஒரு சால்வையைப் போர்த்தினார். யாரோ கையில் வடை வைத்தார்கள். சத்தியபாமா, டெஸ்டர் அல்லவா, நான்காம் இலக்கத்தை அவருடைய பைக்குள் போட்டார். லக்சிகா அவரை நடுவே இழுத்தாள். அவரும் ஆடினார், வாத்து நடக்கிற மாதிரி ஓர் ஆட்டம். கைதட்டல் கூரையைப் பிளந்தது. அது தந்த உற்சாகத்தில் ஒரு சுற்றுச் சுற்றினார். தரையில் நசிந்து கிடந்த மாலைப்பூவில் ரப்பர் பூட்ஸ் வழுக்கியது. மனிதர் மல்லாக்க விழுந்தார். மண்டபமே அதிர்ந்த விழுகை அது.

பாட்டை நிறுத்தினார்கள். ஓடிப்போய்த் தூக்கி இருத்தினோம். தலையில் அடியில்லை. கணுக்கால் வீங்கிக்கொண்டு வந்தது. சோடாப் போத்தல் தொட்டியில் இருந்து ஐஸ் அள்ளிக் கட்டினோம். “நான் நன்றாக இருக்கிறேன், பாட்டைப் போடுங்கள்,” என்றார் கிரெய்க், இன்னும் சிரித்தபடி.

சத்தியபாமா மட்டும் சிரிக்கவில்லை. கிரெய்க்கின் பைக்குள் கைவிட்டு நான்காம் இலக்கத்தை எடுத்தார். அது ஒன்றும் கேட்கவில்லை. ஒருவருக்கும் அடிக்கவில்லை. திரையில் வொம்பிக் கரடி கண்ணை மூடிப் படுத்திருந்தது.

“பார்கவி, இஞ்சை வாங்கோ.”

பார்கவி பார்த்தாள். அவளுக்கு உடனேயே விளங்கிவிட்டது. முகத்தில் இருந்த சிரிப்பு வடிந்துபோனது.

“டான்ஸ்னு புரிஞ்சுக்கல,” என்றாள் மெதுவாக. “மூணு தடவை அடக்கினோம்ல. இந்த இடத்துல வாயே திறக்கக் கூடாதுன்னு முடிவு பண்ணிடுச்சு.”

“ஓம். ஒரு மனுசி குசினிக்குள்ளை கதிரையிலை தொப்பெண்டு இருக்கிறா. இது விழுந்ததெண்டு நினைக்குது. ‘நலம்’ அமத்துறா. மூண்டு தரம் அமத்துறா. நாலாம் நாள் உண்மையாவே அதே குசினிக்குள்ளை விழுறா.”

பார்கவிக்குக் கண் கலங்கியது. “அது என் ஐடியா அக்கா,” என்றாள்.

“நானும் நல்லாயிருக்கெண்டுதானே சொன்னனான்.” சத்தியபாமா அவளுடைய தோளில் கைபோட்டார். “ஒரு பாட்டி, ஒரு தாத்தா விழுறதுக்கு முதல் கிரெய்க் விழுந்தார். வடிவா விழுந்தார். இதைவிட என்ன வேணும்?”

ஐஸ் கட்டிய காலைக் கதிரையில் நீட்டியபடி இதைக் கேட்டுக்கொண்டிருந்த கிரெய்க், தமிழ் விளங்காவிட்டாலும், இரண்டு பேரின் முகத்தையும் பார்த்து விசயத்தைக் கேட்டறிந்தார். அடுத்த வியாழக்கிழமை செயலியை வெளியிடுவதாக இருந்தது. அவர் தன் வீங்கிய காலைக் காட்டினார். “வியாழன் இல்லை,” என்றார். “நீ சரி என்று சொல்லும் நாள்தான் வெளியீட்டு நாள், சத்தியா.” பிறகு, இன்னொரு வடை கிடைக்குமா என்று கேட்டார்.

ஆறு கிழமை எடுத்தது. குரலின் அளவை இடத்துக்கு இடம் மாற்றிக்கொள்ளலாம், ஆனால் விழுகையைக் கவனிக்கும் காதை ஒருநாளும் மூடக்கூடாது என்று பார்கவி எல்லாவற்றையும் திருப்பி எழுதினாள். சத்தியபாமா தன் பழைய மெத்தையைக் கராஜுக்குள் இழுத்துப்போட்டு, நூற்று நாற்பது தடவை விழுந்தார். சேலையோடு விழுந்தார், குளிர்கோட்டோடு விழுந்தார், கையில் உருளைக்கிழங்குக் கூடையோடு விழுந்தார். கடைசி நாற்பதை எண்ணினது நான். சிறிதரன் அண்ணை வேலையால் வந்து, கராஜ் கதவைத் திறந்து, மனைவி சரிவதையும் எதிர்வீட்டுக்காரி கொப்பியும் பேனாவுமாகப் பக்கத்தில் நிற்பதையும் பார்த்துவிட்டு, “தேத்தண்ணி ஆருக்கு வேணும்?” என்று மட்டும் கேட்பார்.

செயலி வெளியான கிழமை, சத்தியபாமாவுக்குப் புதுப்பதவி கொடுத்தார்கள். வெளிக்களப் பரிசோதனைக்குப் பொறுப்பாளர். உதவிக்கு ஓர் ஆளை அவரே தெரிவு செய்யலாம் என்றார்கள். பகுதிநேரத்துக்கு என்னைக் கேட்டார். ஐம்பத்தொரு வயதில் எனக்கு ஒரு புது வேலை!

முதல் நாள் வேலைக்கு என்ன உடுப்பு என்று கேட்டேன். “வழுக்காத காலுறை” என்று பதில் வந்தது.

திங்கட்கிழமை பதினொரு மணிக்கு பிள்ளைகள் வலைமேல் துள்ளி விளையாடும் ஒரு டிரம்போலின் மண்டபத்தில் நின்றோம், நானும் அவரும் பார்கவியும். சுற்றிவர மூன்று வயது, நான்கு வயதுப் பிள்ளைகளும், கோப்பிக் கோப்பையோடு அவர்களின் தாய்மாரும். எங்கள் மூன்று பேரின் உடம்பிலும் சேர்த்துப் பதினைந்து போன். துள்ளலை விழுகை என்று செயலி நினைக்கக்கூடாது, துள்ளும்போது விழுந்தால் விழுகை என்று நினைக்க வேண்டும். இதுதான் அன்றைய சோதனை.

“எவ்வளவு உயரத்துக்கு?” என்று கேட்டேன்.

“ஏலுமானவரைக்கும்,” என்றார் சத்தியபாமா.

முதல் துள்ளலில் பயம். இரண்டாவதில் கண்ணை மூடிக்கொண்டேன். மூன்றாவதில் நான் கத்தினேன், பார்கவி கத்தினாள், பக்கத்து வலையில் துள்ளிய சின்னப் பிள்ளைகளும் எங்களைப் பார்த்துக் கத்தத் தொடங்கின. சத்தியபாமா எல்லாருக்கும் மேலே, தலைமயிர் குடைபோல விரிய, மேலே போகும்போதும் கீழே வரும்போதும் சிரித்துக்கொண்டிருந்தார். காற்றில் இருந்தபடியே ஒரு போனை உருவித் திரையைப் பார்த்தார்.

“விழேல்லை!” என்று அறிவித்தார். “இன்னும் விழேல்லை! எழுதுங்கோ!”

எழுத என் கையில் பேனா இல்லை. நானும் காற்றில்தான் இருந்தேன். மண்டபத்துப் பெண் வந்து, நேரம் முடிந்துவிட்டது, இறங்குங்கள் என்று கையால் காட்டினாள். சத்தியபாமா இறங்கவில்லை. துள்ளலுக்குத் துள்ளல் ஒவ்வொரு சொல்லாக, இன்னும் அரை மணித்தியாலம் தரச் சொல்லி அவளிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.